கன்னிப் பெட்டி தொங்கிய உத்தரம்

நம் ஆபீசில் சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு தூக்குக்குண்டு, ஒரு டார்ச் லைட் மூன்றையும் கொடுத்திருப்பார்கள். சுத்தியலின் பிடி ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அது நான் வைத்திருந்தது. அடுத்த மாதம் நான் மதுரைப் பக்கம் வேலைக்குப் போகிறேன். எனக்கு இன்னும் முப்பது வயது நிறையவில்லை. இவனுக்கு என்ன அனுபவம் இருக்கப்போகிறது என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. ஆனாலும் போவதற்கு முன்னால் ஒரு வீட்டைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றுகிறது.

சுவரை எப்படித் தட்டுவது, குண்டு நூலை எங்கே விடுவது என்பதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. படிப்பில் வராத ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அதை முதலில் யாரிடம் சொல்வது? இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

நம் தொழில் இந்த ஊரில் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சமஸ்தானம் போனதும் அரண்மனைச் சம்பளத்தை நம்பியிருந்த பல குடும்பங்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் பெயர்ந்தன. புதுக்கோட்டையில் தெருவுக்குத் தெரு வீடுகள் விலைக்கு வந்தன. வாங்க வருகிறவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் சுவரை நகத்தால் சுரண்டி, உதட்டைப் பிதுக்கி, விலையைப் பாதியாக்கிவிட்டுப் போவார். அதற்குப் பயந்துதான் விற்கிறவரே முன்கூட்டி நம்மைக் கூப்பிட்டு வீட்டைப் பார்க்கச் சொல்லி, ஒரு ரிப்போர்ட் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

கூப்பிட்டது அவர்களே என்றாலும் நம்மிடமிருந்தே மறைப்பார்கள். நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மூலையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் வெடிப்பை மறைக்க மாமனாரைக் கட்டிலோடு தூக்கிவந்து சுவரோரம் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "எனக்குப் பின்னாடி இருக்கு தம்பி, பாத்துக்க. என்னைய மட்டும் தட்டிராத" என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித்தோப்பில் காவல் இருந்தவர். அரும்பாடுபட்டு வந்த வேலை என்பதால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பார்த்ததை எழுதவேண்டும். எழுதியதை எல்லாம் பார்த்திருக்கவேண்டும். இந்தப் பிடிவாதத்தோடுதான் அந்த வீட்டுக்குள் போனேன்.

திருக்கோகர்ணத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரர் அரண்மனையில் கணக்கு பார்த்து ஓய்ந்தவர். தெருவில் அவரைக் கணக்கர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. மூத்த மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இளையவர் திருச்சியில் குடும்பத்தோடு இருந்தார். வயதான காலத்தில் தனியாக இருக்கவேண்டாம், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று இளையவர் சொல்லிவிட்டார். ராஜவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் வீட்டை வாங்குவதாகச் சொல்லியிருந்தார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் அவருக்கு அந்த மாதமே வீடு வேண்டும். விற்கக் கிடந்த வீடுகள் அத்தனை இருக்கும்போது, அந்தத் தெருவுக்கு வந்த ஒரே ஆள் அவர்தான்.

வாசலிலேயே கணக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி பட்டும்படாமப் பாத்துட்டுப் போயிறாதீக. மாடு வாங்குறவன் பல்லைப் புடிச்சுப் பாக்குற மாதிரி பாருங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பல்லு இல்லாத மாடுன்னு தெரிஞ்சா வாங்க வர்றவுக ஓடிற மாட்டாகளா?"

"ஓடுனா ஒனக்குத்தானே சந்தோசம்!"

"ஆமா, ஓடட்டும். தொறத்தியா விடப்போறேன்?"

அந்த அம்மாவின் பெயர் காமாட்சி. விற்பதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் மனசு வரவில்லை என்பது அந்த ஒரு பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீடு நன்றாகத்தான் இருந்தது. செம்பாறாங்கல் சுவர், தேக்கு உத்தரங்கள். கூடத்தில் ஏணி போட்டு ஒவ்வொரு உத்தரமாகத் தட்டினேன். எல்லாம் கெட்டியாகச் சத்தம் கொடுத்தன. கணக்கர் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையாட்டிக்கொண்டே பின்னால் வந்தார். கடைசியில் அடுப்படிக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த ஒரு சின்ன அறை மட்டும் பாக்கி.

"இதையும் பாத்துட்டா முடிஞ்சுதுங்க" என்றேன்.

கணக்கர் குரலைத் தாழ்த்தினார். "அது சாமி ரூமு தம்பி. அதை விட்டுருங்க. நல்லாருக்குன்னு எழுதிப்புடுங்க."

"பாக்காம எப்படிங்க எழுதுறது? அந்த ரூமைப் பாக்கலைன்னு வேணா எழுதுறேன்."

"பாக்கலைன்னு எழுதுனா ராவுத்தரு என்ன நெனைப்பாரு? உள்ள என்ன பொணத்தையா வெச்சிருக்காகன்னு நெனைக்க மாட்டாரா?"

அடுப்படியில் பாத்திரம் தேய்த்த சத்தம் நின்றுவிட்டது. கணக்கர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து என்னை நேராகப் பார்த்தார்கள்.

"எந்த ஊரு தம்பி ஒனக்கு?"

"கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம்மா."

"ஒங்க வீட்டுல பொட்டி உண்டா?"

உங்களில் வெளியூர்க்காரர் இருந்தால் இதைச் சொல்லியாகவேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் பெண்பிள்ளை இறந்துபோனால் அவளை அந்த வீட்டுக் கன்னி என்று கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்கென்று ஒரு சித்தாடையும் வளையலும் வைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியை இறக்கி, பழைய சித்தாடையை எடுத்துச் சொந்தத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு உடுத்தி, புதுசை வைத்து மறுபடி ஏற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட என் அக்காவுக்கு.

"உண்டும்மா. அக்காவுக்கு."

"வருசந்தவறாம எறக்குறீகளா?"

"மாசியில எறக்குவோம்."

"அப்ப நீ வரலாம்" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார்கள். என் ஓவர்சியர் படிப்புக்குத் திறக்காத கதவை என் அக்கா திறந்துவிட்டாள்.

ஜன்னல் இல்லாத அறை. பெட்டி உயரே இருட்டில் தொங்கியது. உத்தரத்துக்கு மேலாகப் போட்ட கயிற்றின் ஒரு முனையில் பெட்டி. மறுமுனை சுவரில் ஒரு முளையில் கட்டியிருந்தது. கீழே தரையில் விளக்கு. அந்த அம்மா நடையிலேயே நின்று சொன்னார்கள்.

"அவ பேரு சிவகாமி. அம்மை போட்டுப் போயிட்டா. எங்க வீட்டு வழக்கம், கூடப்பொறந்த ரெண்டு பேரும் சேந்துதான் எறக்கணும். தம்பி கயித்தை விடுவான், அண்ணன் கீழ நின்னு வாங்குவான். பெரியவன் கொழும்புலேருந்து வந்து வருசம் பல ஆச்சு. இப்பல்லாம் போக வரப் பாசுபோட்டுக் காயிதம் கேக்குறாகளாமே, அதுலேருந்து வரவே முடியலை. அதான் எறக்காமலே கெடக்கு. அவன் வரட்டும். எறக்கி, மடியில வெச்சுக்கிட்டு ரயில்ல திருச்சிக்குப் போவேன். அதுவரைக்கும் இந்த ரூமுச் சாவி என்கிட்டதான். ராவுத்தருகிட்டயும் சாவி பெறகு தர்றேன்னு மட்டும் சொல்லிட்டேன்."

"நீங்க பாக்குறதில்லையாம்மா?"

"பாக்குறதா? வெளக்கைப் பொருத்திட்டுக் குனிஞ்சு கும்புட்டுட்டு வந்துருவேன். பொட்டியை அண்ணாந்து பாக்கக்கூடாது. நீ ஒன் வேலையப் பாரு. பொட்டியத் தொடாத."

அந்த அம்மா அடுப்படிக்குப் போனார்கள். கணக்கர் என்னோடு உள்ளே வந்தார். நான் கூடத்து ஏணியை உள்ளே கொண்டுவந்து ஏறி, உத்தரத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தத்தை நீங்களும் ஒரு நாள் கேட்பீர்கள். உள்ளே ஒன்றுமில்லாத அட்டையைத் தட்டினதுபோல் இருக்கும். டார்ச்சை அடித்தேன். சுவரோரத்திலிருந்து விரல் தடிப்பில் ஒரு மண்கோடு ஏறி உத்தரத்துக்குப் போயிருந்தது. விளக்குப் புகை படிந்து கறுத்திருந்ததால் சும்மா பார்த்தால் தெரியாது. உத்தரத்தின் நடுவரைக்கும் போய், அங்கிருந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, பெட்டியின் மூடிக்குள் போயிருந்தது.

கணக்கருக்கு வெளிச்சம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த தட்டு வரவில்லை என்பது தெரிந்துவிட்டது.

"என்ன தம்பி?"

"கரையானுங்க. உத்தரம் போயிருச்சு." அதற்கு மேல் சொல்லத் தயங்கினேன். "பொட்டிக்குள்ளயும் போயிருக்கு."

அவர் சுவரிலிருந்த முளையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அரண்மனையில் வேலை பார்த்தவருக்கே உரிய வேகத்தில் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டார்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. நாளைக்குக் கோயில்ல சோமவாரம். அவ போயிட்டு வர நேரமாகும். நீங்க ஒரு ஓலைப்பொட்டியும் சித்தாடையும் வாங்கிட்டு வந்துருங்க. பச்சை வளையல். பழசை எடுத்துட்டு இதை மாட்டிருவோம். எனக்குக் கண்ணு தெரியாது, நீங்கதான் ஏறணும். அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா செத்துருவா தம்பி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். விலைக்காகப் பொய் எழுதச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் பிடித்ததில்லை. இது அப்படி இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ராவுத்தர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தவர், கடையில் கூட்டம் இல்லை என்று முன்னதாகவே வந்துவிட்டார்.

கூடத்தில் உட்கார்ந்ததும் நேராக என்னிடம்தான் கேட்டார்.

"என்ன ஓவர்சியர் தம்பி, மாப்பிள்ளைக்கு ஏதும் கொறை உண்டா?" வீட்டைத்தான் அப்படிக் கேட்டார்.

கணக்கர் என் பக்கம் திரும்பினார். புரை விழுந்த கண்தான். ஆனாலும் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இந்த ஆளும் போய்விட்டால் வேறு ஆள் இல்லை. நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய். உள்ளதைச் சொன்னால் அடுப்படியில் இருக்கும் அம்மாவின் காதில் அது ஓர் உத்தரத்தின் விலைப் பேச்சாகப் போய் விழும். மகளுடைய பெட்டி போய்விட்டது என்பதை ஒரு தாய் பேரம் பேசுகிற சத்தத்திலிருந்து தெரிந்துகொள்ளக்கூடாது. அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"கொறை ஒண்ணு உண்டுங்க" என்றேன். "அதை முதல்ல வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டு, பெறகு ஒங்ககிட்ட வந்து முழுசாச் சொல்றேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன்."

ராவுத்தர் சிரித்தார். "வாங்குறவன் நான். விக்கிறவரு அவரு. நடுவுல அம்மாகிட்ட என்ன ரகசியம்?"

"ரகசியம் இல்லைங்க. பொருள் அவங்களோடது."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்க. இருக்கேன்" என்றார். கணக்கர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, வேணாம் தம்பி." நான் விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அந்த அம்மா எங்களுக்காகக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நம் ரிப்போர்ட்டில் எழுதுகிற வரிசையிலேயே சொன்னேன். "அம்மா, சாமி ரூமு உத்தரத்துல கரையான் ஏறியிருக்கு. அங்கேருந்து கயித்து வழியா எறங்கியிருக்கு."

டம்ளர் இரண்டையும் கீழே வைத்தார்கள். ஆற்றுவதை முடித்துவிட்டுத்தான் வைத்தார்கள்.

"உள்ள போயிருக்கா?"

"போயிருக்கும்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒளிக்கச் சொன்னாரா?"

அவர்களுக்கு அதற்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கை முழுதும் அவரோடு இருந்தவர்கள். தலையை ஒரு தடவை கோதி முடிந்துகொண்டு, "வா, எறக்கிருவோம்" என்றார்கள்.

"அம்மா, ஒங்க பிள்ளைங்க வரட்டுமே. கடுதாசி போட்டா சின்னவராவது..."

"அதுவரைக்கும் அதை அதுல விடச் சொல்றியா?"

கணக்கரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "இது சின்னவன் எடம். நீங்க நில்லுங்க. மெதுவா விடணும்." பிறகு என்னைப் பார்த்தார்கள். "நீ கீழ நில்லு. பெரியவன் எடம் அது. நீயும் ஒரு கன்னி இருக்குற வீட்டுப் புள்ளதானே. ரெண்டு கையையும் ஏந்திக்க. கனமே இருக்காது. அவன் ஒத்தைக் கையால வாங்குவான்."

நான் சுத்தியலையும் டார்ச்சையும் வெளியே வைத்துவிட்டு வந்து கையை ஏந்தி நின்றேன். கணக்கர் கண் தெரியாமல் தடவித் தடவி விட்டதில் கயிறு விட்டு விட்டு இறங்கியது. உத்தரத்திலிருந்து மண் உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. பெட்டி தலைக்கு மேலே வரும்போது கயிறு, கரையான் தின்ற இடத்தில் அறுந்துவிட்டது. பெட்டி என் கைகளில் வந்து விழுந்தது. அந்த வேகத்தில் நான் முழங்காலிட்டுவிட்டேன். ஆனால் கீழே விடவில்லை.

அவர்கள் என் எதிரே தரையில் உட்கார்ந்து மூடியைத் தொட்டார்கள். தொட்டதும் மூடி நொறுங்கியது. வெளியே ஓலைப் பின்னல் மாதிரித் தெரிந்தது வெறும் தோல்தான். உள்ளே முழுக்கச் செம்மண். அடை அடையாகக் கட்டி, காய்ந்து இறுகிப்போயிருந்தது. சித்தாடை என்று ஒரு நூல் இல்லை. அவர்கள் விரலால் மண்ணைக் கிளறினார்கள். பச்சைக் கண்ணாடி வளையல்கள் வந்தன. ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. பிறகு கறுத்துச் சுருண்ட ஜரிகைக் கம்பி கொஞ்சம்.

வளையல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். "எம்புட்டு நாளாத் தின்னுருக்கும் தம்பி?"

நான் பார்த்த மண் காய்ந்த மண். கரையான் தின்று முடித்துப் போயே வெகுகாலம் ஆகியிருந்தது. நேற்று முந்தாநாள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பார்கள்.

"ரெண்டு மழைக்கு மேல இருக்கும்மா."

"அப்ப நான் இம்புட்டு நாளும் வெளக்கு வெச்சது வெறும் மண்ணுக்கா?"

உங்களில் யாருக்காவது இதற்குப் பதில் தெரிந்திருந்தால் நீங்கள் என்னைவிடப் பெரியவர். அறுந்த கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்ற கணக்கர்தான் சொன்னார்.

"அவளையும் மண்ணுலதானே வெச்சோம் காமாட்சி."

அப்போதுதான் அந்த அம்மா அழுதார்கள். சத்தமில்லாமல், பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார்கள். ரயிலில் எப்படி வைத்துக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்திருந்தார்களோ, அப்படி.

அவர்கள் பெட்டியோடு கூடத்தைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் போனபோது ராவுத்தர் எழுந்து நின்றார். என்ன ஏது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு தாய் எதையோ சுமந்துகொண்டு போகிறாள் என்பது தெரிந்திருக்கும். அவர்கள் போகிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு நான் உட்கார்ந்து, சொன்னபடியே உத்தரத்தின் நிலைமையை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். "சரி தம்பி, உத்தரத்தை நான் மாத்திக்கிறேன்" என்றார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அம்மா பெட்டியைக் கொல்லையில் புதைத்துவிட்டு, வளையல்களை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள். "இந்தாங்க. இனிமே எனக்கு இங்க பூட்டி வெக்க ஒண்ணுமில்ல."

"அம்மா, நீங்க நல்ல நாள் பாத்து மெதுவாப் பொறப்படுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அவர். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இருந்த மனிதர்.

வீடு விற்றது. கணக்கர் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் நான் புறப்படும்போது வாசல்வரை சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர் என்னைச் சும்மா விடவில்லை. "ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா, அவ மடியில சித்தாடையோட திருச்சிக்குப் போயிருப்பா. இம்புட்டுப் படிச்சிருக்கீங்க. அது தோணலையே ஒங்களுக்கு."

ரிப்போர்ட்டில், 'சாமி அறை உத்தரம் ஒன்று மாற்றப்பட வேண்டும்' என்று மட்டும் எழுதினேன். ஆபீஸ் ஐயா அதைப் படித்துவிட்டு, "ஒரு உத்தரம்தானா? அதுக்கு ஏன்யா மொகம் இப்படி இருக்கு?" என்றார். நான் சொன்னேன். அவர் சுத்தியலை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு வேற வீடு வேணாம், போ" என்றார்.

கணக்கர் கேட்ட கேள்வியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். புதுச் சித்தாடையை வைத்திருந்தால் மகன்கள் வந்து இறக்குகிற அன்றைக்கு அது வெளிப்பட்டிருக்கும். தன் கையால் மடித்து வைத்த துணி ஒரு தாய்க்குத் தெரியாமல் போகாது. அன்றைக்கு அவர்கள் மகளை மட்டுமல்லாமல் புருஷனையும் இழந்திருப்பார்கள். இது நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் நியாயம். ஒருவேளை அந்த நாள் வராமலே போயிருக்கும். அதுவும் உண்டு. ஆகையால் நான் செய்ததுதான் சரி என்று உங்களிடம் சாதிக்கமாட்டேன். இவ்வளவுதான் சொல்வேன். நமக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர், நம் ரிப்போர்ட்டைப் படித்து வாங்குபவர் ஒருவர். ஆனால் வீட்டில் சில பொருள்கள் இந்த இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. உத்தரத்தைத் தட்டுவதற்கு முன்னால் அதில் யாருடையது தொங்குகிறது என்று கேளுங்கள். கெட்ட செய்தி இருந்தால் அவரிடம்தான் முதலில் போகவேண்டும். மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள். காத்திருப்பார்கள்.

அந்த வாரமே ஊருக்குப் போய், எங்கள் வீட்டுப் பெட்டிக் கயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, படிச்சுட்டா ஒங்க அக்காளையும் தட்டிப் பாப்பியோ?" என்று வைதாள். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். அந்த வீட்டில் நடந்தது அவளுக்குத் தெரியவேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கணக்கரின் நினைவு வந்தது.

போன வருஷம் ஒரு மத்தியானம் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். நரை தொடங்கியிருந்தது. கையில் ஒரு காகிதப் பொட்டலம். ராவுத்தர் வீட்டுக்குப் போய்விட்டு அங்கே வழி கேட்டு வந்ததாகச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த மூத்த மகன் அவர்தான் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. பொட்டலத்தின் ஓரத்தில் துணி தெரிந்தது. பச்சைக் கரை போட்ட சின்னச் சித்தாடை.

"அம்மா திருச்சியில சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டேன்.

"போன மாசம் தவறிட்டாங்க. எனக்குப் பாஸ்போர்ட்டு கெடைச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு." பொட்டலத்தை மேஜையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் அந்த வளையலைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தாங்களாம். தம்பி சொன்னான். பொட்டியை எறக்குனதையும் அவன்தான் சொன்னான்."

வீட்டைப் பற்றி ஏதாவது கேட்பார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் என் எடத்துல நின்னு வாங்குனீங்களாமே?"

"ஆமாங்க."

"கனமா இருந்துச்சா?"

அவருக்கும் உள்ளதைத்தான் சொன்னேன்.

"இருந்துச்சுங்க."